அஞ்சு தப்பு வரைக்கும்

எங்கள் நாலாங்கிளாஸ் மிஸ் ஒரு பிள்ளையைக்கூட அடித்ததில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மற்ற எல்லாரும் இதைத்தான் எழுதப்போகிறார்கள். மிஸ் ரிட்டயர் ஆகிறார். ஸ்கூலில் ஃபங்ஷன். பழைய பிள்ளைகள் ஆளுக்கு நாலு வரி எழுதி அனுப்பினால் அழகாக அச்சடித்து, ஃப்ரேம் போட்டு, மேடையில் கொடுப்பார்களாம். "நீதான் நல்லா எழுதுவியே, கொஞ்சம் ஃபீலிங்கா போட்டு விடு" என்று குரூப் அட்மின் எனக்குத் தனியாக வேறு மெசேஜ் அனுப்பினான். ஃபீலிங்காக நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்தது இது. இதை அங்கே அனுப்பப்போவதில்லை. மிஸ் பேரையும் போடப்போவதில்லை. காரைக்காலில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். பேரைப் போட்டால் அந்தப் பாதியும் கோட்டுச்சேரிக்கு பஸ் ஏறி எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

அடித்ததில்லை, திட்டியதில்லை, குரலை உயர்த்தியதுகூட இல்லை. வகுப்பில் முப்பத்திநாலு பேர். முப்பத்திநாலு பேரும் 'தங்கம்'. முதல் ரேங்க்கும் தங்கம், மூக்கு ஒழுகுகிறவனும் தங்கம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் ஒரே ஒரு ஊக்கு, உள்மணிக்கட்டில் வாட்ச், வாட்ச் பட்டையில் செருகிய வெள்ளைக் கைக்குட்டை. பக்கத்து வகுப்பு டீச்சர் கத்துவது ரோட்டுக்குக் கேட்கும். எங்கள் வகுப்பில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஹெட்மிஸ்ட்ரஸ் யாரையாவது ஸ்கூலைச் சுற்றிக்காட்டினால் நேராக எங்கள் வகுப்புக்குத்தான் கூட்டி வருவார்.

கைதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வாரா வாரம் கிராஃப்ட் நடத்திய மனுஷி. பசை, களிமண், வாட்டர் கலர், ஜிகினா எதுவுமே அந்த விரல்களில் ஒட்டி நான் பார்த்ததில்லை. ஆயாம்மா மைதாவைக் காய்ச்சிப் பசை கொண்டுவந்து வைப்பார். பசைத் தட்டை நகர்த்துவது என்றாலும் மிஸ் எங்களைத்தான் கூப்பிடுவார்.

"நீங்க பண்ணுங்க தங்கம். மிஸ் பாக்குறேன்."

அவ்வளவுதான். எல்லாவற்றையும் நாங்கள்தான் செய்தோம். அவர் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியட் கிராஃப்ட். முதல் பீரியடில் செய்வோம். ரெண்டாவது பீரியடில் மிஸ் ஒவ்வொன்றாக எடுப்பார். பேப்பரின் ஒரு மூலையை ரெண்டு விரல் நுனியால் பிடித்துத் தூக்குவார். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவோமே, அந்த மாதிரி. முகத்தில் மட்டும் நல்ல சிரிப்பு.

"இதுல என்ன தப்புன்னு சொல்லுங்க பாப்போம்."

கை தூக்கி ஒரு தப்பைச் சரியாகச் சொன்னால் ஒரு ஸ்டார். தங்கக் கலர் ஸ்டிக்கர். கதவுக்குப் பின்னால் எல்லார் பேரும் எழுதிய ஒரு சார்ட் இருக்கும், அதில் நம் பேருக்கு நேராக நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். படம் வரைந்ததற்கு ஸ்டார் கிடையாது. எவ்வளவு நன்றாக வரைந்தாலும் கிடையாது. தப்பு கண்டுபிடித்தால்தான் ஸ்டார்.

இன்னொரு ரூலும் உண்டு. அஞ்சு தப்பு வரைக்கும் பரவாயில்லை, அந்தப் படம் சுவருக்குப் போகும். ஆறாவது தப்பு விழுந்துவிட்டால் அது அடித்தாள். அடித்தாள் என்றால், அடுத்த வாரம் மற்றவர்கள் பசை தடவும்போது பெஞ்சில் பசை ஒட்டாமல் இருக்க அடியில் விரித்துக்கொள்கிற தாள். நீ வரைந்த வீட்டின் மேலே வேறு எவனோ பட்டாம்பூச்சிக்குப் பசை தடவிக்கொண்டிருப்பான். நீ பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உனக்கும் ஒரு அடித்தாள் கொடுத்திருப்பார்கள், யாருடையதோ.

ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்கலாம். எல்லாம் தெரியும். ரெண்டே வாரத்தில் நாங்கள் செம ட்ரெய்னிங் ஆகிவிட்டோம். சூரியன் வட்டமாக இல்லை. தென்னைமரத்துக்கு ஒரு மட்டை கம்மி. ரப்பர் வைத்த இடம் கறுத்திருக்கிறது. மீனுக்குக் கண் சிரிக்கிறது. ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் 'பேப்பர் கசங்கியிருக்கு மிஸ்' என்று இருக்கவே இருக்கிறது. மிஸ் எதையும் மறுக்கமாட்டார். தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "ஆமால்ல? மிஸ்ஸுக்குத் தெரியலையே தங்கம். உனக்கு எவ்ளோ கூர்மையான கண்ணு!" என்பார்.

விழிதியூரிலிருந்து கவின் என்று ஒரு பையன் வருவான். வீட்டில் வயல், மாடு எல்லாம் உண்டு. வீட்டு விலங்குகள் செய்துகொண்டு வரச் சொன்னபோது நாங்கள் எல்லாரும் கடையில் விற்கிற கலர் க்ளேயில் நாய், பூனை என்று ஏதோ மொக்கையாக உருட்டிக்கொண்டு வந்தோம். அவன் வாய்க்கால் களிமண்ணில் ஒரு காளை செய்து, வாழையிலையில் சுற்றி எடுத்து வந்தான். பிள்ளைகள் செய்ததில் அது மாதிரி ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. திமில் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கும். ஒரு முன்னங்காலைக் கொஞ்சம் தூக்கியிருக்கும்.

மிஸ் அதைத் தொடவில்லை. மேஜையில் வைக்கச் சொல்லி, வாழையிலையோடு திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார்.

"என்ன தப்பு?"

முதலில் யாருக்கும் கை வரவில்லை. மிஸ் வாட்சைப் பார்த்தார். அவர் வாட்சைப் பார்த்தால் எங்களுக்குப் பயம் வந்துவிடும், ஸ்டார் போய்விடுமோ என்று. பிறகு ஒருத்தி ஆரம்பித்தாள். "நாத்தம் அடிக்குது மிஸ்." அப்புறம் வரிசையாக வந்தது. ஈரம். கலர் இல்லை. ஒரு கொம்பு குட்டை. கண் சின்னது. திமில் கோணல்.

"எங்க வீட்டு மாட்டுக்கு அப்படித்தான் மிஸ் இருக்கும். திமிலு சாஞ்சிதான் இருக்கும்" என்றான் கவின்.

"அப்படியா தங்கம்? அப்ப உங்க வீட்டு மாடே தப்பா இருக்குதா?"

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. மிஸ் சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பதில் சொல்லும் வரைக்கும் பார்த்தார்.

"ஆமா மிஸ்" என்றான்.

களிமண் காளையை அடித்தாளாக விரிக்க முடியாதே. அதனால் காற்றில் அடித்துக்கொள்ளும் வகுப்புக் கதவுக்கு முட்டுக்கொடுக்க வைத்தோம். ரெண்டு வாரம் நின்றது. முதலில் கொம்பு போச்சு, அப்புறம் தூக்கிய கால். அப்புறம் ஆயாம்மா பெருக்கித் தள்ளிவிட்டார். கவின் அதற்குப் பிறகு ரூல்டு பேப்பரில் ஸ்கேல் வைத்து வீடு மட்டும்தான் வரைந்தான். ஒவ்வொரு வாரமும் அதே வீடு. மூன்று தப்புக்கு மேல் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மாங்கனித் திருவிழா சமயம். வகுப்புக்குத் தோரணம் கட்ட ஆளுக்கொரு பேப்பர் மாம்பழம். நான் மஞ்சள் டிஷ்யூ பேப்பரைக் கசக்கி உருட்டித் தாளில் ஒட்டிப் பெரிய மாம்பழமாகச் செய்திருந்தேன். எட்டுத் தப்பு. எட்டாவதாக ஒருவன், "அது மாம்பழம் இல்ல மிஸ், பலாப்பழம்" என்றான். நான் அழுதுவிட்டேன்.

மிஸ் உடனே வந்தார். பெஞ்ச் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, வாட்ச் பட்டையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என் கண்ணைத் துடைத்தார். பவுடர் வாசனை வந்தது.

"யாரு தங்கம் உன்ன அழ வச்சது? மிஸ்கிட்ட காட்டு."

நான் எட்டுப் பேரையும் கை காட்டினேன். எட்டுப் பேரும் வரிசையில் வந்து நின்று என்னிடம் ஸாரி சொன்னார்கள்.

"ஒருத்தங்கள அழ வைக்கலாமா தங்கம்?"

"கூடாது மிஸ்."

எட்டுப் பேரும் ஸாரியும் சொன்னார்கள், போய் ஸ்டாரும் ஒட்டிக்கொண்டார்கள். மாம்பழம் அடித்தாள் ஆனது. எனக்கு அன்றைக்கு ஒன்று நன்றாக விளங்கியது. இந்த வகுப்பில் படம் வரைகிறவளாக இருக்கக் கூடாது, கண்டுபிடிக்கிறவளாக இருக்க வேண்டும்.

அதற்கப்புறம் நான்தான் சாம்பியன். பொய் சொல்லவில்லை, எனக்கு அதில் திறமை இருந்தது. வீட்டில் வரைந்துவரச் சொன்ன நாளில், காலையில் பஸ்ஸிலேயே மற்றவர்கள் சுருட்டி வைத்திருக்கிற சார்ட்டை வாங்கிப் பார்த்து மனதில் குறித்துக்கொள்வேன். வீட்டிலும் ப்ராக்டீஸ். அப்பா மீசை ஒரு பக்கம் ஜாஸ்தி. ரசத்தில் கொத்தமல்லி கறுத்துவிட்டது. அம்மா வாசலில் போட்ட கோலத்தில் நாலு தப்பு சொன்னேன். அம்மா கோலமாவு டப்பாவோடு நிமிர்ந்து, "ஏண்டி, உங்க மிஸ்ஸு வேற எதுவுமே சொல்லித் தர மாட்டாங்களா?" என்றார். என் படத்தில் மட்டும் யாரும் ரெண்டுக்கு மேல் சொல்லமாட்டார்கள். சொன்னால் அடுத்த நிமிஷம் அவர்கள் படத்துக்கு என் கை உயரும் என்று தெரியும்.

என் பெஞ்சில் என் பக்கத்தில் ரோஸ்லின். தருமபுரத்திலிருந்து சைக்கிள் கேரியரில் அம்மா கொண்டுவந்து விடுவார். அவள் அப்பா குவைத்தில் கம்பி கட்டும் வேலையில் இருந்தார். அவள் யூ.கே.ஜி. படிக்கும்போது போனவர். நடுவில் ஒருமுறை வருவதாக இருந்து லீவ் கிடைக்கவில்லை. தினம் சாயங்காலம் வீடியோ கால். கதவுக்குப் பின்னால் இருந்த சார்ட்டில் ரோஸ்லின் பேருக்கு நேராக ஒரு ஸ்டார்கூடக் கிடையாது. அவளுக்கு யார் படத்தைப் பார்த்தாலும் "நல்லாத்தானே இருக்கு" என்றுதான் வாயில் வரும். செம பாவம்.

குழந்தைகள் தினத்துக்கு எக்ஸிபிஷன் வைத்தார்கள். தலைப்பு 'என் குடும்பம்'. பெற்றோர் எல்லாரும் வந்து சுவரைச் சுற்றிப் பார்ப்பார்கள். அந்த வாரம்தான் ரோஸ்லின் அப்பா வருகிறார்.

"எக்ஸிபிஷனுக்கு மொத நாளு வந்துருவாருடி. வந்ததும் மொதல்ல எம் படத்தத்தான் பாக்கணும்னு சொல்லிருக்காரு" என்றாள். பெரிய சார்ட்டில் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். கீழே புல்தரையில் அம்மா, தம்பி, அவள், ஒரு கோழி. மேலே வலது மூலையில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் அப்பா, நெஞ்சு வரைக்கும்.

"உங்க அப்பாவுக்குக் கால் எங்கடி?"

"போன்ல கால் தெரியாதுல்ல" என்றாள். ஏதோ எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி பார்த்தாள். அப்புறம் பென்சிலை வைத்துவிட்டு, "ஏய், எம் படத்துல மட்டும் எதுவும் சொல்லாதடி. நீ சொல்லலன்னா அஞ்சுக்குள்ள நின்னுரும். ப்ளீஸ்டி. சத்தியம் பண்ணு."

"மாதா மேல சத்தியம்."

"எங்க மாதா மேல நீ ஏன் பண்ற? உங்க சாமி மேல பண்ணு."

"சரி, அம்மையார் மேல சத்தியம். போதுமா?"

போதும் என்று சொல்லி, டிபனில் இருந்த கேக்கில் பெரிய துண்டாகப் பிய்த்துக் கொடுத்தாள். தின்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை என் பேருக்கு நேராக நாற்பத்தொன்பது ஸ்டார் இருந்தது. ஐம்பது வாங்குகிறவர்தான் எக்ஸிபிஷன் அன்றைக்கு 'கைடு'. சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு, கையில் ஒரு குச்சி வைத்துக்கொண்டு, பெற்றோருக்கெல்லாம் படங்களை விளக்க வேண்டும். எனக்கு அந்தக் குச்சி வேண்டும். ரொம்ப வேண்டும்.

எல்லாம் பார்த்து முடித்துக் கடைசியாக ரோஸ்லின் சார்ட். அந்தப் பீரியடில் அதுவரைக்கும் எனக்கு ஒரு ஸ்டார்கூட விழவில்லை. அன்றைக்கு எல்லாரும் வெறிபிடித்த மாதிரி முந்திக்கொண்டார்கள். ரோஸ்லின் சார்ட்டிலும் மடமடவென்று அஞ்சு விழுந்தது. தலைப்பு சரிந்திருக்கிறது. அம்மா புடவைக் கலர் கோட்டுக்கு வெளியே போயிருக்கிறது. தம்பி தலை அம்மா தலையைவிடப் பெரிசு. கோழிக்கு மூணு விரல்தான். ரப்பரால் தேய்த்துப் பேப்பர் கிழிந்திருக்கிறது.

"வேற?"

ஃபேன் சத்தம்.

"அஞ்சுதானா? அப்ப இது சுவத்துக்குப் போகுதா?" மிஸ் வாட்சைப் பார்த்தார். பெல் அடிக்க இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்திருக்கும். "அவ்ளோ பெரிய தப்பு ஒண்ணு மிஸ் கண்ணுக்கே தெரியுது. உங்க யாரு கண்ணுக்கும் தெரியலையா?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை. நான் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். ரோஸ்லின் பெஞ்சுக்கு அடியில் என் பாவாடையைப் பிடித்திருந்தாள்.

எழுந்து நின்றேன்.

"ரோஸ்லினோட அப்பாவுக்குக் கால் இல்ல மிஸ்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. மிஸ் சார்ட்டைத் தன் பக்கம் திருப்பி, புருவத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"அட ஆமா. ஏன் தங்கம், அப்பாவுக்குக் கால் இருக்குல்ல?"

ரோஸ்லின் எழுந்தாள். யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"இருக்கும் மிஸ்" என்றாள்.

இந்த முறை பக்கத்து வகுப்புக்கே கேட்டிருக்கும், அப்படிச் சிரித்தோம். எனக்கு ஐம்பதாவது ஸ்டார். ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தபோது ரோஸ்லின் எங்களுக்கு நடுவில் இருந்த தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் மிஸ் கைக்குட்டையோடு வந்திருப்பார், நான் ஸாரி சொல்லியிருப்பேன், எல்லாம் முடிந்திருக்கும்.

எக்ஸிபிஷன் அன்றைக்குக் காலையிலிருந்து மழை. பெற்றோர் எல்லாரும் நனைந்த குடையை வராந்தாவில் விரித்துவைத்துவிட்டு வந்தார்கள். நான் பேட்ஜும் குச்சியுமாக வாசலில் நின்றேன். செம சீன். பத்தரை மணி போல ரோஸ்லின் ஒரு ஆளை இழுத்துக்கொண்டு வந்தாள். கறுத்து ஒல்லியாக, முழுக்கைச் சட்டை, சேறே படாத வெள்ளை ஷூ. எப்படித்தான் அந்த மழையில் அப்படி வந்தாரோ. கையில் ஒரு பை நிறைய சாக்லெட். அவர் அவள் கையை விடவே இல்லை. ஒரு சுவர் முடிய எல்லாப் படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடுத்த சுவர். மூன்றாவது சுவர். அப்புறம் மறுபடி முதல் சுவர். அப்புறம் என்னிடம் வந்தார்.

"பாப்பா, எங்க ரோசு வரைஞ்சது எங்கம்மா இருக்கு?"

"அத ஒட்டல அங்கிள். அஞ்சு தப்பு வரைக்கும்தான் ஒட்டுவோம். அதுல ஆறு தப்பு."

"அப்படியா? ஆறாவது என்னம்மா?"

"உங்களுக்குக் கால் இல்ல."

அவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். அப்புறம் பெரிசாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ரெண்டு காலையும் மாற்றி மாற்றித் தரையில் தட்டினார். "இருக்கே! பாரு ரோசு, ரெண்டும் இருக்கு!" ரோஸ்லினும் சிரித்துவிட்டாள்.

"யாரும்மா இத கண்டுபுடிச்சது?"

"நான்தான் அங்கிள்."

"கெட்டிக்காரி" என்று சொல்லி, பையிலிருந்து ரெண்டு சாக்லெட் எடுத்துக் கொடுத்தார். மற்றவர்களுக்கு ஒன்றுதான் கொடுத்தார்.

சார்ட் எங்கே என்று கேட்டார். கடைசி மேஜையைக் குச்சியால் காட்டினேன். காலையில் கடைசி நேரம் ஒட்டுவதற்குப் பசைத் தட்டை அந்தச் சார்ட்டின் மேல்தான் வைத்திருந்தோம். தட்டைத் தூக்கினால் வட்டமாக ஒரு பசைத் தடம். அம்மா முகம் முழுக்க அதற்குள் போயிருந்தது. அவர் ஓரத்தை நகத்தால் நெம்பி, கிழியாமல் மெதுவாக உரித்து எடுத்தார். கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்தார்.

"ஏம் பாப்பா, போன்ல கால் எங்கேருந்து தெரியும்?" என்று என்னிடம் கேட்டார். கோபமெல்லாம் இல்லை. சும்மாதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை.

அப்புறம் ஸ்கெட்ச் பேனா கேட்டார். ரோஸ்லின் டப்பாவை நீட்டினாள். அந்த மனுஷன் வெள்ளை ஷூவோடு தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, சார்ட்டை விரித்து, கட்டத்தின் கீழ்க்கோட்டிலிருந்து நீலக் கலரில் ரெண்டு காலை இழுத்தார். நாக்கு ஒரு ஓரமாக வெளியே வந்திருந்தது, எங்கள் வகுப்புப் பையன்கள் மாதிரி. ரோஸ்லின் அவர் தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமான மூஞ்சியை நான் அந்த வகுப்பில் பார்த்ததே இல்லை.

மிஸ் வந்தார்.

"வாங்க சார். எப்ப வந்தீங்க? பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"

அவர் சட்டென்று எழுந்து நின்றார், பேனாவோடு. "நேத்துதான் டீச்சர். தோ, தப்ப சரி பண்ணியாச்சு. இப்ப ஒட்டிடலாங்களா?"

"தாராளமா சார். ஆனா இங்க எல்லாருக்கும் ஒரே ரூல். நான் எதுவும் சொல்றதில்ல. பசங்கதான் சொல்லுவாங்க." மிஸ் சார்ட்டை அவர் கையிலிருந்து ரெண்டு விரலால் வாங்கி, வகுப்புப் பக்கம் திருப்பிப் பிடித்தார். "தங்கங்களா, ரோஸ்லின் அப்பா கால் வரைஞ்சிருக்காங்க. என்ன தப்பு?"

எங்கள் அப்பா அம்மாக்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். முப்பது கை உயர்ந்தது. கேள்வி காதில் விழுந்தால் கை தானாக உயரும், அப்படித்தான் எங்களைப் பழக்கியிருந்தார். என் கைதான் முதல். குச்சியோடு தூக்கினேன்.

"ரெண்டுமே இடது கால் மிஸ்."

"ஒரு கால் நீளம் மிஸ்."

"முட்டி இல்ல மிஸ்."

"ஷூவுக்கு லேஸ் இல்ல மிஸ்."

யாரோ ஒரு அப்பா சிரித்தார். அப்புறம் நாலைந்து பேர் சிரித்தார்கள். ரோஸ்லின் அப்பாவும் சிரித்தார், கொஞ்சம் லேட்டாக. அவர் காது சிவந்துவிட்டது. கறுத்த ஆளுக்குக் காது சிவந்தால் தெரியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நாலு ஆச்சு. இன்னும் ரெண்டு இருக்கா?" என்றார் மிஸ். அப்புறம் தலையைச் சாய்த்து, "ரோஸ்லின், நீ சொல்லேன் தங்கம். வருஷம் பூரா உனக்கு ஒரு ஸ்டார்கூட இல்லையே. அப்பா வந்திருக்காங்க. அப்பா முன்னாடி ஒண்ணு வாங்கேன்."

ரோஸ்லின் சார்ட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர், சொல்லு சொல்லு என்கிற மாதிரி தலையாட்டினார். அவள் மறுபடி சார்ட்டைப் பார்த்தாள். இந்த முறை எங்களை மாதிரியே பார்த்தாள், கண்ணைச் சுருக்கி.

"கால் தரையில படல மிஸ்."

உண்மைதான். அம்மா, தம்பி, கோழி எல்லாரும் புல்லில் நின்றார்கள். அந்த நீலக் கால் ரெண்டும் புல்லுக்கு ஒரு விரற்கடை மேலே தொங்கிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

"சூப்பர் தங்கம்!" என்று மிஸ் கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். அவள் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் தன் பேருக்கு நேராக முதல் ஸ்டாரை ஒட்டினாள். நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று கட்டைவிரலால் ரெண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். திரும்பியபோது முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னொண்ணு வேற?"

"போதும் டீச்சர். சரிதான் அவ சொன்னது" என்றார் அவர். நீல ஸ்கெட்ச் பேனாவுக்கு மூடி போட்டார். டப்பாவில் நீலம் இருக்க வேண்டிய இடம் எது என்று தேடி, அதிலேயே வைத்தார். காலில் அஞ்சு தப்புதான் ஆகியிருந்தது. ரூல்படி அந்தக் கால் சுவருக்குப் போயிருக்க வேண்டும். யாரும் அதைச் சொல்லவில்லை. கைடு நான், நானும் சொல்லவில்லை. மிஸ் சார்ட்டை என்னிடம் கொடுத்தார். நான் கொண்டுபோய்ப் பசைத் தட்டுக்கு அடியில் வைத்தேன்.

போன வாரம் ரோஸ்லினுக்கு போன் போட்டேன். புதுச்சேரியில் நர்சிங் படிக்கிறாள். அந்தச் சார்ட் ஞாபகம் இருக்காடி என்று கேட்டேன்.

"எந்தச் சார்ட்டு?" என்றாள். கொஞ்சம் எடுத்துக் கொடுத்தேன். "ஓ, அன்னிக்குத்தான்டி எனக்கு ஃபர்ஸ்ட் ஸ்டார் கெடச்சுது! அப்பா முன்னாடி! மிஸ் மட்டும் இல்லன்னா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன்."

அப்பா எப்படி இருக்கார் என்று கேட்டேன். எனக்கு ஏன் அதைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது, தெரியவில்லை.

"ஊர்லதான்டி, குவைத்துலேருந்து மொத்தமா வந்துட்டாரு. நல்லா இருக்காரு. என்ன, ஒரே காமெடி அவரோட. எங்க நோட்டுல, எங்க பேப்பருல அவரு பேனா படவே படாது. சின்ன வயசுலேருந்து ப்ராக்ரஸ் கார்டுல கையெழுத்து அம்மாதான். காலேஜ் அட்மிஷன் ஃபார்ம்லகூட அம்மாவத்தான் போடச் சொன்னாரு. கேட்டா, 'என்னுது கோணலா இருக்கும், எல்லாரும் எதாச்சும் தப்பு சொல்லுவாங்க'ம்பாரு. யாருடி அவர்ட்ட தப்பு சொன்னா?" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன்.

நேற்று குரூப்பில் நாலு வரி போட்டுவிட்டேன். 'எங்கள் மிஸ் யாரையும் அடித்ததில்லை. யாரையும் ஒரு வார்த்தை திட்டியதில்லை. அழுத பிள்ளைகளின் கண்ணைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். எங்களுக்குப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்.' அனுப்பும் முன் மூன்று தடவை படித்துப் பார்த்தேன். ஒரு தப்பும் கிடைக்கவில்லை.

கவின் உட்பட எல்லாரும் ஹார்ட் போட்டிருந்தார்கள். ரோஸ்லின் மட்டும் ஹார்ட் போடவில்லை. ஒரு ஸ்டார் போட்டிருந்தாள்.